உப்புக் கிடங்குல சோழராசா பட்டாளம்

ஈயப் பொம்மைக்குக் கண்ணு வைக்கிற தொழில்ல ஒரே ரூலுதாங்க: பொம்மை எங்க பாக்குதுன்னு மட்டும் பாரு, பக்கத்துல உக்காந்திருக்கிற ஆளைப் பாக்காத.

நாள் பூரா ஒரே எடத்துல குனிஞ்சு உக்காந்து, இடுப்பு புடிச்சுப்போய், சாயங்காலம் கேள்விக்குறி மாதிரி எழுந்து நின்ன ஆளா நீங்க? அப்ப நீங்களும் நம்ம செட்டுதான். கேளுங்க. நான் தணிகாசலம், ஊரு மரக்காணம். எட்டாவதோட ஸ்கூலு என்னைக் கைவிட்டுடுச்சு. உப்பளத்துல உப்பு வார்ற பலகை புடிச்சேன். எனக்குத் தெரிஞ்ச ஒரே வித்தை, யாரு மாதிரி வேணாலும் பேசிக் காட்டுவேன். மேஸ்திரி மாதிரி பேசிக் காட்டி மேஸ்திரிகிட்டயே அடி வாங்கினவன்.

எண்பத்தியாறோ ஏழோ, ரால்ப்புன்னு ஒரு வெள்ளைக்காரரு அளத்து ஓரமா இருந்த பழைய உப்புக் கிடங்கை வாடகைக்குப் புடிச்சாரு. ஈயத்தைக் காய்ச்சி அச்சுல ஊத்தி, சுண்டுவிரல்ல பாதி ஒசரத்துக்கு சிப்பாய் பண்ணி, பெயிண்ட் அடிச்சு சீமைக்கு அனுப்புறது. அங்க நரைச்ச மனுசனுங்கல்லாம் மேசை மேல இதை நிறுத்தி வச்சு, பகடைய உருட்டி, அந்தக் காலத்து ராசாங்க சண்டைய போடுவாங்களாம். எந்த ராசாவுக்கு எத்தினி ஆனை, எத்தினி குதிரை, கொறஞ்சது எவ்ளோ, மிஞ்சினா எவ்ளோ, ஒவ்வொண்ணுக்கும் எத்தினி பாயிண்ட்டுன்னு ஒரு புக்கு. அதுக்குப் பேரு ஆர்மி லிஸ்ட்டு. அதுல நம்ம பக்கத்து ராசாங்கள சரியாவே போடலன்னு ரால்ப்புக்கு மனசு ஆறல. விட்டுப்போனவங்களுக்குன்னு தனியா ஒரு சப்ளிமெண்ட்டு எழுதி, சைக்ளோஸ்டைல் போட்டு, பொம்மைப் பொட்டியோட அனுப்புவாரு.

வேலைக்கு மூணு பேரு. ஈயம் ஊத்துறது கூனிமேடு ஷரீப் பாய். குதிரைக்குப் பெயிண்ட்டும் பார்சலும் குப்பத்து செல்வி அக்கா. மூஞ்சியும் கண்ணும் நானு.

ஒரு பாயிண்ட்டு

மொத நாளே ரால்ப் எனக்குப் பாடம் எடுத்தாரு. "தணிகா, ஒரு பொம்மை, இருபது ஆளு." அதாவது மேசை மேல ஒரு பொம்மை நின்னா இருபது சிப்பாய் நிக்கிறதா அர்த்தம். நான் ஜன்னல் வழியா பாத்தேன். அளத்துல ஒரு இருபது பேரு வெய்யில்ல உப்பு வாரிக்கினு இருந்தாங்க. "அப்ப எங்க அளம் பூராவும் ஒரே பொம்மைதானா சார்?"ன்னேன். அவருக்குக் கண்ணு விரிஞ்சு போச்சு. உப்பளத்து ஆளுங்க அந்தக் காலத்துல சண்டைக்குப் போனாங்களான்னு கேட்டாரு. எனக்கு என்னா தெரியும்? சிரிக்க வைக்கலாமேன்னு, "போவாமயா சார்? ராசா கூப்ட்டா உப்புப் பலகைய தூக்கிக்கினு மொத ஆளா ஓடுவான்"னு ஓடியும் காட்டினேன்.

மறுநாளு லிஸ்ட்டுல ஏறிடுச்சுங்க. உப்பளத்து ஆளுங்க, கவசம் கெடையாது, கையில பலகை, மிஞ்சினா பன்னெண்டு பொம்மை, ஆளுக்கு ஒரு பாயிண்ட்டு. அச்சு பண்ண ஒரு மாதிரி வேணுமேன்னு பாயை பலகையோட குனிஞ்சு நிக்க வச்சு, அந்தத் தாடி உட்பட மெழுகுல புடிச்சுட்டாரு. பாய் நிமிந்து முதுகைத் தடவிக்கினே சொன்னாரு: "ஏம்பா தணிகா, நாப்பத்தஞ்சு வருசம் அல்லா காப்பாத்துன ஒடம்பு, உங்க வெள்ளைக்காரன் ஒத்த பாயிண்ட்டுல முடிச்சுட்டானே!"

பச்சை மூஞ்சி

சோழராசா மெய்க்காப்பாளு என்ன கலர்ல இருப்பான்னு ரால்ப் கேட்டாரு. நான் சோழனை எங்க பாத்தேன், கூத்துலதான் ராசாவையே பாத்திருக்கேன். பச்சை மூஞ்சி, செவப்பு நெத்தி, தோள்ல பளபளன்னு கண்ணாடி. இருபத்தினாலு பேருக்கும் அப்படியே அடிச்சுட்டேன். ரால்ப் அதைப் பாத்துட்டு, சண்டைக்கு முன்னாடி மூஞ்சிக்குப் பச்சை பூசிக்கிற வழக்கம்னு சப்ளிமெண்ட்டுல சேத்துட்டாரு.

ஜெர்மனியில இருந்து ஒரு வாத்தியாரு நாலு பக்கத்துக்கு லெட்டர் போட்டாரு. இதுக்கு ஆதாரம் எந்தக் கல்வெட்டுலன்னு கேட்டு. ரால்ப் லெட்டரைப் புடிச்சுக்கினு என்னைப் பாக்குறாரு. நான் கிடங்கு செவுத்தைப் பாக்குறேன். குதிரை வாலுக்குப் பெயிண்ட் அடிச்சிக்கினு இருந்த செல்வி அக்கா தலையே தூக்காம சொல்லுச்சு: "கல்வெட்டு இன்னாத்துக்கு சார்? பங்குனியில எங்க குப்பத்துல கூத்து வைக்கிறோம், அந்தாளை ஒரு கோரைப்பாயை எடுத்துக்கினு வந்து முன்னால உக்காரச் சொல்லுங்க."

தேமல்

உப்புக் காத்து இருக்குதே, அது இரும்பைத் தின்னும், செவுத்தைத் தின்னும், எங்க பெயிண்ட்டையும் வுடல. வார்னிஷ் காயறதுக்குள்ள காத்து பட்டா, மேல வெள்ளையா பூத்துக்கும். மொத பொட்டி போய்ச் சேந்ததும் இங்கிலாந்து கஸ்டமரு ஒருத்தரு, உங்க பட்டாளத்துக்கே தேமல் வந்துருக்குன்னு எழுதிட்டாரு. எனக்கு மானம் போச்சு. நாந்தாங்க ஐடியா குடுத்தேன், யாரும் சொல்லல. ஜன்னல் நாலையும் அடைச்சு, சந்துல கோணியைத் திணிச்சு, கதவுக்கும் ஒரு படுதா போட்டேன். அதுக்கப்பறம் ஒரு பொம்மை பூக்கல. ரால்ப் கை குடுத்தாரு, ஜன்னலை அடைச்சாச்சுன்னு அந்தக் கஸ்டமருக்கும் எழுதிப் போட்டாரு.

ஆனா பாயோட அடுப்பும் அதே ரூமுலதான். ஈயம் கொதிச்சு மேல ஆடை கட்டும். அதை வழிச்சு எறிவாரு. அச்சைப் பிரிச்சதும் பிசிறை அரத்தால ராவுவாரு. அந்தத் தூளு ஜன்னல் இல்லாத ரூமுல எங்க போவும்? "தணிகா, கொஞ்சம் தொறப்பா, நெஞ்சை அடைக்குது"ன்னாரு ஒரு நாளு. நான் ரால்ப் கொரல்ல, "நோ நோ, ஷரீப்! பெயிண்ட்! பெயிண்ட்!"னு விரலை ஆட்டினேன். எல்லாரும் சிரிச்சாங்க. பாயும் சிரிச்சு, துண்டால மூக்கைத் தொடைச்சுக்கினு சொன்னாரு: "மூடு, மூடு. ராசாவுக்குத் தேமல் வரக்கூடாது. எனக்கு என்னா, நான் ஒரு பாயிண்ட்டுதானே."

பதினாறு ஆனை

லிஸ்ட்டுல சோழராசாவுக்கு மிஞ்சினா எட்டு ஆனைன்னு இருந்துச்சு. இது போதுமா தணிகான்னு ரால்ப் கேட்டாரு. சும்மா இருந்திருக்கலாம். இடுப்புல கை வச்சு, ராசா கொரலை எடுத்து, "எட்டா! யாரடா அங்கே! என் மகள் கல்யாணத்துக்கே பதினாறு போகும்!"னு கத்தினேன். ரால்ப் கைதட்டிட்டு, ரெண்டு நாளு ஏதேதோ புக்கைப் பொரட்டி, எட்டை அடிச்சுட்டு பதினாறு போட்டு திருத்தச் சீட்டு அனுப்பிட்டாரு. அவ்ளோதான். ஏற்கெனவே எட்டு ஆனை வாங்கின அத்தினி பேரும் இன்னும் எட்டு அனுப்புன்னு எழுதறான்.

ஒரு ஆனைக்கு முப்பது சிப்பாய்க்கு ஆவுற ஈயம் புடிக்கும். துதிக்கை நுனி வரைக்கும் ஈயம் ஓடணும், கொஞ்சம் ஆறிச்சுன்னா மொண்டியா நின்னுடும். அது பாய் கைக்கு மட்டுந்தான் வரும். அந்த சமயத்துலதான் பாய்க்கு துபாயிலேருந்து விசா வந்துச்சு. மச்சான் ஓட்டல்ல வேலை சொல்லி வச்சிருந்தாரு. பத்து பன்னெண்டு வருசமா கூனிமேட்டுல எல்லா வூட்லயும் யாரோ ஒருத்தன் ஃபிளைட் ஏறறதைப் பாத்துக்கினே இருந்த மனுசன். மெட்ராஸ்ல மெடிக்கல் பாஸ் ஆனாப் போதும், ஆனைய முடிச்சுக் குடுத்துட்டுக் கெளம்புறேன்னாரு. ஆனி, ஆடி ரெண்டு மாசமும் ஊத்தினாரு. ஈயத்தூளு அப்பின கையாலயே பன்னு தின்னுவாரு. அப்பப்ப வயித்தைப் புடிச்சுக்கினு சுருண்டு உக்காருவாரு. சூடுன்னு மோரு வாங்கிக் குடுத்தோம். செல்வி அக்கா மட்டும் என் பக்கம் திரும்பி சொல்லுச்சு: "எட்டே போதும்னு சொல்லிருந்தா உன் வாயி என்னா தேஞ்சா பூடும்?"

கை

உங்க கம்பெனியிலயும் என்னை மாதிரி ஒரு கோமாளி இருந்திருப்பான். டீ டயத்துல கூட வேலை செய்யிறவனை நடிச்சுக் காட்டுறவன். அவன் மேல கோவப்படுங்க, தப்பே இல்ல. பாய் கரண்டிய தூக்குறப்போ மணிக்கட்டு தொங்க ஆரம்பிச்சிருந்துச்சு. வலது கை, ஒடிஞ்ச வாழையெல மாதிரி. நான் அதையே நடிக்கப் புடிச்சுக்கினேன். கரண்டிய எடுத்து, கைய தொங்கப் போட்டு, மூஞ்சிய சுருக்கி, ஆனை அச்சுல ஊத்துற மாதிரி வெளியில ஊத்தி, "யா அல்லா, துதிக்கை போச்சே!"ன்னேன். ரால்ப் வுழுந்து வுழுந்து சிரிச்சாரு. செல்வி அக்காவும் சிரிச்சுடுச்சு.

பாய்தான் எல்லாரையும் விட ஜாஸ்தி சிரிச்சாரு. சிரிச்சு முடிச்சு டீ கிளாஸை எடுக்கப் போனாரு. எடுக்க முடியல. இடது கையால வலது கையப் புடிச்சுத் தூக்கி வச்சுக்கினு என்னைப் பாத்து சொன்னாரு: "நீ நல்லா செய்யிற தணிகா. ஆனா முடிச்சதும் டக்குனு கைய நிமுத்துற பாரு, அதை மட்டும் எனக்குக் கொஞ்சம் சொல்லிக் குடு."

மெடிக்கல்

மெட்ராசுக்கு நாந்தான் கூடப் போனேன். பஸ்ஸு முழுக்க கைய நிமுத்தி நிமுத்திப் பாத்துக்கினே வந்தாரு. வெள்ளைச் சட்டை, அத்தரு, சட்டைப் பையில விசா காப்பி. எக்ஸ்ரே எடுத்தாங்க, ரத்தம் எடுத்தாங்க. ஒரு சின்ன வயசு டாக்டரு, கைய நீட்டச் சொன்னாரு. இடது கை நீண்டுச்சு, வலது கை தொங்குச்சு. வாயைத் தொறக்கச் சொல்லி ஈறைப் பாத்தாரு. பல்லு ஓரமா நீலமா ஒரு கோடு, பேனாவால போட்ட மாதிரி. என்ன வேலைன்னு கேட்டாரு. நான் முந்திக்கினு ஆனை, அச்சு, ராசான்னு எல்லாத்தையும் நடிச்சே காட்டினேன். அந்த டாக்டரு சிரிக்கல. வாழ்க்கையில மொத தடவை ஒரு ஆளு என்னைப் பாத்து சிரிக்கல. "ரூமுல ஜன்னல் இருக்கா?"ன்னாரு. இருக்குதுன்னேன். "தொறந்திருக்குமா?"ன்னாரு.

பேப்பர்ல சிவப்பு சீலு குத்திட்டாங்க. ஈயம் ரத்தத்துல கலந்துடுச்சு, இனிமே அடுப்புக்கிட்டயே போவக்கூடாதுன்னாரு. திரும்பி வர்ற பஸ்ல மாமல்லபுரம் தாண்டினதும் பாய் அந்தப் பேப்பரை நாலா மடிச்சு பையில வச்சுக்கினு சொன்னாரு: "சோழராசா பட்டாளத்துலயே சேத்துக்கினாங்க, துபாய் ஓட்டல்காரன் சேத்துக்கல பாரு."

பன்னெண்டு

விசயத்தைச் சொன்னதும் ரால்ப் கடப்பாரைய எடுத்து நாலு ஜன்னலையும் சட்டத்தோட பேத்து வெளிய எறிஞ்சாரு. பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில சேத்து, ரெண்டு மாசம் கூடவே இருந்தாரு. மழை புடிச்சு அளத்துல வேலை நின்ன மாசம், பாய் மவுத்தாயிட்டாரு. கூனிமேட்டு கபர்ஸ்தான்ல எல்லாரும் மூணு கைப்பிடி மண்ணு போட்டாங்க. என் முறை வந்தப்போ, என் வலது கை தொங்குற மாதிரியே இருந்துச்சு. நடிக்கல.

அடுத்த வருசம் வெய்யில் காலத்துல, அந்தத் தேமல்காரரு, இங்கிலாந்து கஸ்டமரு, லெட்டர் போட்டாரு. சப்ளிமெண்ட்டுலயே சூப்பரு அந்தப் பலகைக்காரங்கதானாம். ஆனைக்கு முன்னாடி நிறுத்தினா மொதல்ல அவங்க சாவுறாங்களாம், ஆனை பொழைச்சுக்குதாம். லிஸ்ட்டு பன்னெண்டு வரைக்கும் வுடுதே, அதனால பன்னெண்டு அனுப்புங்கன்னு கேட்டிருந்தாரு. ரால்ப் படிச்சுட்டு, முடியாதுன்னு எழுதிடறேன்னாரு. நாந்தான், இருங்க சார், நானே ஊத்தறேன்னேன். அடுப்பை அளத்து வரப்புல வச்சேன், நாலு பக்கமும் காத்து. பன்னெண்டு பாய். பன்னெண்டு தாடி, பன்னெண்டு குனிஞ்ச முதுகு. செல்வி அக்கா பலகைக்குப் பெயிண்ட் அடிச்சுச்சு, நான் கண்ணு வச்சேன். எல்லாரும் என்னையே பாக்குற மாதிரி வச்சேன். வரப்புலயே காய வச்சு, உப்புக் காத்தோட பொட்டியில போட்டு அனுப்பினோம். ஒன்றரை மாசம் கழிச்சுப் பதில் வந்துச்சு. ரால்ப் படிக்கல, என் கையில குடுத்துட்டு வெளிய பூட்டாரு. எழுத்துக் கூட்டி, ஒவ்வொரு வார்த்தையா செல்வி அக்காகிட்ட சொன்னேன். இதான் அந்தக் கஸ்டமரு எழுதினது: "பொம்மைங்க அருமை. ஆனா முகத்துல எல்லாம் மறுபடியும் வெள்ளையா பூத்திருக்கு. அடுத்த தடவை தயவுசெஞ்சு ஜன்னலை மூடிட்டு பெயிண்ட் அடிக்கவும்."

இருபது ஆளுக்கு ஒரு பொம்மைன்னு அவங்க புக்கு சொல்லுதுங்க, எங்க கிடங்குல மட்டும் ஒத்த ஆளுக்குப் பன்னெண்டு பொம்மை, அதுவும் தேமலோட.