மழை அளவு வராத காலை

இலங்கை மலையகத்தில், நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்தவள் சுலக்ஷனா. அம்மா கொழுந்து எடுக்கிறவர். மகள் டீச்சராக வேண்டும் என்று அவர் ஆசைப்பட, இவள் ஹட்டனில் கம்ப்யூட்டர் படிக்கப் போனாள். பிறகு அங்கேயே ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தாள். தோட்டங்களில் மழைமானிகள் நட்டு, மண் சரியும் அளவுக்கு மழை பெய்தால் லயத்து ஆட்களுக்கு முன்கூட்டியே சொல்வது அவர்கள் வேலை. மானிகள் அனுப்பும் அளவுகளை வாங்கிவைக்கும் லினக்ஸ் சர்வர் அவள் பொறுப்பில் இருந்தது.

ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு காலை, அவள் ஆபீசுக்கு வந்தபோது திரையில் எந்த மானியின் அளவும் இல்லை. விடியற்காலையில் கரண்ட் போய் வந்து, சர்வர் தானாக மறுபடி எழும்பியிருந்தது. தோட்டத்தின் உயரமான பகுதியான மேல் டிவிசனில் மானிகளைப் பராமரிக்கும் ஜூட்சன் போன் பண்ணினார்.

"தங்கச்சி, மானி கெட்டுப்போச்சுபோல. கழட்டிக் கொண்டாந்துறவா?"

"வேணாம்ணே. எல்லா மானியும் ஒண்ணாக் கெடாது. கொளாறு இங்கதான் இருக்கும். கொஞ்சம் பொறுங்க."

நெட்வொர்க் சரியாக இருந்தது. அளவுகளை வாங்கும் புரோகிராமும் ஓடிக்கொண்டிருந்தது. எந்த போர்ட்டில், அதாவது எந்த இணைப்பு வாசலில், எது காத்திருக்கிறது என்று காட்டும் 'ss' கட்டளையைக் கொடுத்துப் பார்த்தாள். மானிகள் வந்து சேரும் 1883ஆம் போர்ட்டில் அது காத்துக்கொண்டுதான் இருந்தது. சர்வரிலிருந்தே அந்த போர்ட்டைத் தொட்டுப் பார்த்தாள், பதில் வந்தது. பக்கத்து மேசைக் கம்ப்யூட்டரிலிருந்து முயன்றாள், இணைப்பை ஏதோ மறித்துவிட்டது. அப்படியானால் வெளியிலிருந்து வரும் இணைப்புகளை வடிகட்டும் ஃபயர்வால்தான். அனுமதித்த போர்ட்டுகளை எடுத்துப் பார்த்தபோது 1883 அதில் இல்லை. முதலில் அதைத் திறந்தபோது அப்போதைக்கு மட்டும் திறந்திருக்கிறார்கள், நிரந்தரமாகச் சேமிக்கவில்லை. சர்வர் நின்று எழும்பியதும் அனுமதி போய்விட்டது.

இந்த முறை நிரந்தரமாகத் திறந்தாள். தேக்கிவைத்திருந்த அளவுகளை மானிகள் மளமளவென்று அனுப்பின. மேல் டிவிசன் அளவு எச்சரிக்கைக் கோட்டை எப்போதோ தாண்டியிருந்தது. உடனே போனை எடுத்தாள்.

"ஜூட்சன் அண்ணே, மேட்டு லயத்து ஆளுங்கள உடனே ஸ்கூலுக்கு அனுப்புங்க. நேரங்கடத்தாதீங்க!"

அவர் வாசல் வாசலாகப் போய்க் கூப்பிட்டார். மேட்டு லயத்து லெட்சுமி அக்கா மட்டும் நகரவில்லை.

"சோறு கொதிக்குது தம்பி, வடிச்சிட்டு வந்துர்றேன்."

"பானையோடயே வாங்கக்கா, நான் தூக்கியாரேன்!"

பானையைச் சாக்கில் சுற்றி அவரே தூக்கிக்கொண்டு போனார். மத்தியானம் லயத்துக்குப் பின்னால் இருந்த மண்மேடு சரிந்து நாலைந்து வீட்டு அடுப்படிகளை மூடியது. ஆட்கள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மழை ஓய்ந்து அளவுகள் இறங்கிய பிறகு ஒருநாள், திறந்த அனுமதி இந்த முறை நிற்கிறதா என்று பார்க்க, சுலக்ஷனா வேண்டுமென்றே சர்வரை நிறுத்தி மறுபடி எழுப்பினாள். பக்கத்து மேசைக்குப் போய் அந்த போர்ட்டைத் தொட்டுப் பார்த்தாள். பதில் வந்தது. அதற்குப் பிறகுதான் சாப்பாட்டுப் பொதியைப் பிரித்தாள்.