தொமிங்கோவின் சிரிப்பு

ஞாயிறு மத்தியானம் பேரின்பநாதன் முதலில் பிரிட்ஜின் வயரைக் கழற்றுவார். பிறகு யன்னலை இறுக்கிச் சாத்துவார். கோட்-டெ-நெய்ஜ் தெருவின் பஸ் சத்தம் அவர் பேசிப் பதியும் கசெற்றில் ஏறக்கூடாது. கடைசியாக, அதே அறையில் இருக்கும் எங்களை விரட்டுவார். "போய் மூலைத் தெபனர்க் கடையிலை கோப்பி குடியுங்கோடா. நான் அம்மாவோடை கதைக்கப்போறன்."

அந்த அம்மா அவருடைய அம்மா அல்ல. பிலிப்பைன்ஸில், லா யூனியன் பக்கம், கண் தெரியாமல் இருக்கும் ஒரு கிழவி. அவளுடைய மகன் தொமிங்கோவும் இவரும் பல வருடம் ஒரே கப்பலின் இயந்திர அறையில் எண்ணெயில் குளித்தவர்கள். மொன்றியலிலும் ஒன்றாகவே இறங்கினார்கள். போன மாரியில் வெளிப்படியில் உறைந்திருந்த ஐஸில் தொமிங்கோ சறுக்கி விழுந்தான். எழும்பவில்லை. அம்மாவின் இருதயம் இதைத் தாங்காது, நீங்களே அவனாகப் பேசுங்கள் என்று தங்கை அக்னெஸ் தொலைபேசியில் அழுதாளாம். அன்று பிடித்தது இந்த வேலை.

தமிழில் முக்கி முனகிக் கதைக்கிற மனுசன், கப்பலில் தொமிங்கோவிடம் பழகிய இலோக்கானோ பாஷை என்றால் வேறு ஆள். சொற்கள் தொண்டையில் வெட்டி வெட்டி ஓடும். அந்தப் பாஷையின் வடக்கு ஆட்கள் ஓம் என்பதற்கு 'வென்' என்பார்கள். தொமிங்கோவின் ஊரில் அது 'வுன்'. ஆனால் உதடு குவியாது. "நாங்கள் பாட்டு எண்டு சொல்லேக்கை கடைசியிலை ஒரு உ தேயுதெல்லே, அதுதான். மணிலாக்காரருக்கே வராது, எனக்கு வரும்" என்று பெருமை வேறு.

ஆஸ்பத்திரிச் சலவையறையில் வெந்துவிட்டு வந்து, வேலை சுகம், சம்பளம் கூட என்று கிழவிக்கு அளப்பார். குரல் மாறியதற்குக் குளிரின் மேல் பழி. "இவ்வளவு புளுகுறியள், உங்கடை அம்மாவுக்கும் ஒரு கசெற் அனுப்பினால் என்ன?" என்று ஒருநாள் சீண்டினேன்.

"தமிழிலை பொய் சொல்ல வாய் வருகுதில்லையடா."

அதற்குப் பிறகு நான் பகிடி விடவில்லை.

போன கிழமை கிழவியின் பதில் கசெற் வந்தது. கேட்டு முடித்தவர் கடைசிப் பகுதியை இன்னொருக்காப் போட்டுக் கேட்டார்.

"என்னவாம் அண்ணை?"

"முந்தி மாதிரி நான் சிரிக்கிறேல்லையாம். மகனுக்கு ஏதோ நடந்திட்டுதெண்டு பயப்பிடுறா. அடுத்ததிலை ஒருக்காச் சிரிக்கட்டாம்."

இந்த ஞாயிறு எனக்குக் காய்ச்சல் என்பதால் விரட்டவில்லை. சிவப்புப் பொத்தானை அமத்தினார். "வுன், நானாங்" வரை சரியாக வந்தது. ஓமம்மா என்று அர்த்தம். பிறகு வாயைத் திறந்தார், காற்றுத்தான் வந்தது. நிறுத்திப் பின்னுக்குச் சுற்றி மறுபடியும் அமத்தினார். அதே காற்று.

"ஒரு பகிடி சொல்லன்ரா" என்றார். எனக்கு ஒன்றும் வரவில்லை.

திரும்பவும் பொத்தானை அமத்தினார். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, வலக்கையை இடது கக்கத்துக்குள் விட்டு, தன்னைத்தானே கிச்சுக்கிச்சு மூட்டத் தொடங்கினார்.