கோலாரைத் தாண்டாத விமான நிலையப் பயணம்

பெரிய பேரன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான், சொந்த பிளாட்டும் வாங்கிவிட்டான். அடுத்தவன் ஹாக்கியில் ஜில்லா டீமுக்கு ஆடியவன், இப்போது ரயில்வேயில். சின்னப் பேத்தி கணக்கில் நூற்றுக்கு நூறு. எல்லோருக்கும் மேலே மகள் வயிற்றுப் பேத்தி கீதா. நர்சிங் முடித்து, ஜெர்மன் பாஷையும் பாஸ் செய்து, அங்கே ஆஸ்பத்திரி வேலைக்குப் போயிருக்கிறாள். ஐந்தாவதோடு நின்றவள் நான். இதை எழுதும்போது நெஞ்சு நிறைகிறது.

அவளை வழியனுப்பத்தான் போன மாதம் கிளம்பினோம். திரும்பி வர மூன்று வருஷம் ஆகும். தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்த என் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் மைன் தூசி. அதுவரை இருப்பேனோ என்னவோ, ஏர்போர்ட்டிலேயே ஒருதடவை பார்த்துவிடுகிறேன் என்றார்.

கோலார் தங்கவயலில் நாங்கள் இருக்கும் மைசூர் மைன்ஸ் பகுதியிலிருந்து பெங்களூர் ஏர்போர்ட் நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. காலை எட்டுக்குக் கிளம்பினோம். மகன் சேகர் ஓட்டினான். கீதா நேராக அங்கே வந்துவிடுவாள், பன்னிரண்டுக்கு உள்ளே போக வேண்டும். தாராளமான நேரம்தான்.

பங்காரப்பேட்டை தாண்டியதும் மீட்டரில் மஞ்சளாக பிரேக்குக்கான ஏபிஎஸ் விளக்கு எரிந்தது.

"சென்சாருதாம்பா. பிரேக்கு புடிக்குது பாரு."

"நிறுத்துடா. சிக்னல் சரியில்லன்னா கேஜ் எறங்காது."

சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் கூண்டுக்கு மணி அடித்துச் சிக்னல் கொடுத்தவர் என் வீட்டுக்காரர்.

"இது காருப்பா."

"அதுலயும் ஆளுங்கதான் இருந்தாங்க."

கோலாருக்கு முன்னால் இருந்த ஒரு ஷெட்டுக்கு ஊர்ந்து போனோம். மெக்கானிக் ஒரு கருவியைச் சொருகிப் பார்த்து, பின்பக்க இடது சக்கரம் என்றார். சக்கரத்தின் வேகத்தைக் காருக்குச் சொல்கிற சென்சாராம். கழற்றினால் அதன் காந்த முனையில் இரும்புத் தூள் அப்பியிருந்தது.

"இன்னா தாத்தா, காருக்குத் தாடி வளக்கறீங்களா?"

என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. ரிட்டயரான பிறகு இவர் இரும்புக் கேட் செய்யக் கம்பி அறுக்கிற கொட்டகையில்தான் கார் நிற்கும். தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

துடைத்து மாட்டியும் விளக்கு அணையவில்லை. முனையே தேய்ந்துவிட்டதாம். புது சென்சார் இரண்டாயிரத்து இருநூறு, கூலி ஐந்நூறு. கடையிலிருந்து வரவேண்டும், "ஸ்வல்ப இருங்க" என்றார். அந்தக் 'கொஞ்சம்' இரண்டரை மணி நேரம்.

"சாதா பிரேக் புடிக்குதே, மெல்ல போயிருக்கலாம் தாத்தா" என்றார் மெக்கானிக்.

"போலாம்னு போனவங்கள நான் பொணமா மேல ஏத்தியிருக்கேன்."



கீதா போன் செய்தாள். "பாட்டி, எங்க இருக்கீங்க? நான் உள்ள போணும்."

"வந்துட்டே இருக்கோம் கண்ணு." அப்போது கார் ஜாக்கி மேல் நின்றது. போனை இவரிடம் கொடுத்தேன். அவள் "தாத்தா, தாத்தா" என்றாள். இவருக்கு இருமல்தான் வந்தது.

விளக்கு அணைந்தபோது மணி ஒன்றுக்குப் பக்கம். யாரையும் கேட்காமல் சேகர் வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினான்.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். இரும்பு அறுக்கும் இடத்தில் காரை விடாதீர்கள். மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்து பிரேக் பிடித்தால் நிதானமாக ஓட்டி மெக்கானிக்கிடம் போகலாமாம், சிவப்பும் சேர்ந்து எரிந்தால் நகராதீர்கள். பிளேன் பிடிக்க முந்தின நாளே போய்விடுங்கள். எங்களுக்கு இனி இதெல்லாம் எதற்கு?

இவர் கொட்டகையைப் பூட்டிவிட்டார். செல்போனில் கீதாவின் படம் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். சுவரில் இருப்பது அவள் பள்ளிக்கூட யூனிபாரத்தில் நிற்கிற படம். கீதா, இதைப் படித்தால் புது போட்டோ ஒன்று தபாலில் அனுப்பு. ஏர்போர்ட்டில் எடுத்தது வேண்டாம் கண்ணு. அதில் உன் பக்கத்தில் இடம் காலியாக இருக்கும்.