மூக்கண்ணன் மோந்து விட்ட எண்ணெய்

எங்கள் பஸ் டிப்போவில் அவருக்குப் பேர் மூக்கண்ணன். எண்ணெய் டேங்குகள் அவர் பொறுப்பு. லாரியில் வருகிற பயோடீசலை ஒரு பாட்டிலில் பிடிப்பார், கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்ப்பார். "நல்லாருக்கு" என்றால் இறக்குவார்கள். "ஊசிப்போச்சு" என்றால் லாரி வந்த வழியே திரும்பும். சமையல் எண்ணெயில் செய்த டீசல் அது. வெக்கையில் நாள்பட்டால் சோறு மாதிரிதான் கெடும். புளித்துப்போன எண்ணெய் செம்பு, பித்தளை எதையும் விட்டுவைக்காது.

நான் அங்கே ஃபிட்டர். பதினெட்டு வருஷமாக பம்ப் கழற்றி மாட்டுகிறவள். வாயும் கொஞ்சம் நீளம்.

இந்த வருஷம் வெயில் ஏறியதும் பஸ்கள் ஒவ்வொன்றாகப் படுத்தன. கழற்றிப் பார்த்தால் செம்பு வாஷர் எல்லாம் பச்சை பூத்து ஓரம் அரித்துக் கிடக்கிறது. ஃபில்டர் பூராவும் பிசின். நாலு நாளில் ஏழு பம்ப். "எண்ணெய் கெட்டிருக்கு சார்" என்று மேனேஜரிடம் சொன்னேன்.

"மூக்கண்ணனே நல்லாருக்குன்னு சொல்லிட்டார். நீ சரியா இறுக்கியிருக்க மாட்டே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று நேரே மூக்கண்ணனிடம் போனேன்.

டேங்க் நிழலில் உட்கார்ந்து அப்போதுதான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். குப்பென்று அடித்தது நாற்றம். குழம்பில் நுரை தட்டியிருந்தது. மனுஷன் அதைப் பிசைந்து நிதானமாக வாயில் வைத்தார்.

"அண்ணே, அது ஊசிப்போச்சு."

கை நின்றது. "எண்ணெயா தங்கச்சி?"

"உங்க சோறு."

டப்பாவை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார். மறுபடி மோந்தார். பிறகு மூடி வைத்தார்.

"மூணு மாசம் முன்னாடி காய்ச்சல் வந்துச்சுல்ல, அதோட போச்சு. ஒரு வாசனையும் தெரியலை. சொன்னா வேலை போயிடும். போனா நாள் பூரா அந்த வீட்டுக்குள்ளயே கிடக்கணும். அங்க பேச யாரு இருக்கா?"

அண்ணி செத்துப்போய் இரண்டு வருஷம். அவர் தனியாகப் பொங்கித் தின்கிறார் என்பது டிப்போவுக்கே தெரியும். என்ன தின்கிறார் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. சண்டைக்குப் போனவளுக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் அவரே மேனேஜரிடம் போய்ச் சொன்னார். நானும் கூடப் போய் நின்றேன். மேனேஜர் நல்லவர், கத்தவில்லை. டேங்கைக் காலி பண்ணிக் கழுவினார்கள். இனிமேல் மோப்பம் கிடையாது. தேய்த்து மினுக்கிய செம்புப் பட்டையைச் சூடான எண்ணெயில் மூன்று மணி நேரம் போட வேண்டும், கறுத்தால் லாரி திரும்ப வேண்டும். பட்டை தேய்க்கிற வேலையை அவருக்கே கொடுத்தார்கள். "இனிமே பட்டையண்ணன்னு கூப்பிடுங்கடா" என்று அவரே சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். கையில் துணி சுற்றிய பாத்திரம்.

"சோத்துக்கு அந்தப் பட்டை ஆகாதே தங்கச்சி. கொஞ்சம் மோந்து சொல்லேன்."

திறந்தேன். காலையில்தான் வடித்திருக்கிறார், இன்னும் சூடு ஆறவில்லை. வாசனையே பசியைக் கிளப்பியது.

"ஊசிப்போச்சு அண்ணே" என்றேன். "உள்ள வாங்க, எங்களோட சாப்பிடுங்க."