மாரி எடுக்காத போன்

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் வேலை என்பது, ஸ்டியரிங் இல்லாத பக்கம் உட்கார்ந்துகொண்டு உயிரைக் காப்பாற்றிக்கொள்கிற வேலை. எங்கள் காரில் இடது பக்கமும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும். 2005 முதல் 2012 வரை காலையில் சிதம்பரம், மத்தியானத்துக்கு மேல் கடலூர் என்று அந்த இரண்டு பெடலை நம்பித்தான் என் பிழைப்பு ஓடியது.

கற்றுக்கொள்ள வந்தவர்களில் பாதிப் பேர் அப்போதுதான் பதினெட்டு முடிந்த பிள்ளைகள். கை, கால், கண் எல்லாம் நம்மைவிட வேகம். புத்திதான் வண்டிக்குள் நிற்காது. பிள்ளை கையில் சாவியைக் கொடுத்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் அப்பா அம்மாக்களே, நீங்களும் என் கட்சிதான். உங்களுக்கும் எனக்கும் பயம் ஒன்றேதான்: இடது பக்கம் பிரேக் இல்லாத வண்டியில் இவர்கள் தனியாக ஏறப்போகும் நாள். அந்தப் பயத்தை எனக்கு அதிகமாகக் கொடுத்தவன் மாரி. அவனைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். அதற்கு முன் வேறு இரண்டு பேரைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கோபித்துக்கொள்வார்கள்.

நாலு வீதி, நாலு கோபுரம்

கோமதி சிதம்பரத்துப் பெண். கோயிலைச் சுற்றி இருக்கும் வீதிகளிலேயே பிறந்து வளர்ந்தவள். நல்ல சூட்டிகை. முதல் நாளே கியர் மாற்றினாள், இரண்டாம் நாள் கீழ வீதிக்கு வண்டியைக் கொண்டுவந்தாள். சந்நிதித் தெருவுக்கு நேராக வந்ததும் கோபுரம் தெரிந்தது. அவ்வளவுதான். இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கண்ணை வேறு மூடிக்கொண்டாள். எதிரில் பூக்கூடையோடு ஒரு சைக்கிள். நான் எட்டி ஸ்டியரிங்கைப் பிடித்து, பிரேக்கை மிதித்து, பூக்காரர் என் வம்சத்தையே விசாரித்துவிட்டுப் போகும்வரை தலையைக் குனிந்துகொண்டிருந்தேன்.

சரி, பழக்கதோஷம் என்று விட்டுவிட்டேன். தெற்கு வீதி வந்தது. மறுபடியும் கோபுரம், மறுபடியும் கன்னம். ஊரிலே கோயிலைக் கட்டியவர்கள் ஒரு பக்கத்தோடு விட்டிருக்கக் கூடாதா என்று அன்றைக்குத்தான் நினைத்தேன். மேல வீதி திரும்புவதற்குள் வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, "மனசுக்குள்ள கும்பிடும்மா, அவருக்குக் கேக்கும்" என்றேன். "நடராஜர் பாத்துக்குவாரு சார்" என்றாள். எனக்கு ஆத்திரமும் வந்தது, சிரிப்பும் வந்தது. "அவரே ஒரு காலைத் தூக்கிக்கிட்டு நிக்கிறாரு. கிளட்ச், பிரேக்கு ரெண்டையும் எப்படிம்மா மிதிப்பாரு?" என்று கேட்டேன். கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னாள்:

"அதான் இன்னொரு கால் நீங்க வெச்சிருக்கீங்களே சார்."

கண்ணாடி எதற்கு

சிதம்பரத்தை ஒட்டி, யூனிவர்சிட்டி இருக்கும் அண்ணாமலை நகரில் ரோடு அகலம், லாரி கிடையாது, இருபுறமும் மரம். கற்றுக்கொடுக்க அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் ஒரு கஷ்டம், ரோட்டைவிடப் பார்க்கத் தகுந்தவை அங்கே ஜாஸ்தி. விக்னேஷ் என்று ஒரு எஞ்சினியரிங் மாணவன், நடுக்கண்ணாடியை ஒழுங்காகச் சரி செய்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பான். பரவாயில்லையே, பையனுக்குப் பொறுப்பு இருக்கிறது என்று நானும் ஒரு வாரம் மெச்சிக்கொண்டிருந்தேன். பிறகுதான் தெரிந்தது, அந்தக் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி எதுவும் தெரியாது. அவன் தலைமுடி மட்டும்தான் தெரியும்.

ஒரு நாள் லேடீஸ் ஹாஸ்டல் பக்கம் போகும்போது மூன்று பெண்கள் நடந்து வந்தார்கள். விக்னேஷ் கண்ணாடியைப் பார்த்து முடியைக் கோதினான். கோதின கையோடு வண்டியும் சாய்ந்து, ரோட்டைவிட்டு இறங்கி, நேரே டீக்கடையைப் பார்த்துப் போனது. நான் பிரேக்கை ஒரே மிதியாக மிதித்தேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் டம்ளரோடு எழுந்துவிட்டார்கள். வண்டி பெஞ்சைத் தொட்டும் தொடாமலும் நின்றது. யாருக்கும் ஒன்றும் இல்லை. அந்தப் பெண்கள் சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள். கடைக்காரர் பாய்லருக்குப் பின்னாலிருந்து நிதானமாக எட்டிப் பார்த்தார்.

"மாஸ்டர், டீ வேணும்னா ஒரு குரல் குடுங்க. நானே கொண்டாந்து தர்றேன்."

கரும்புக்குப் பின்னால்

மாரி கடலூருக்குப் பக்கத்தில் கடலோரக் குப்பத்துப் பையன். 2008இல் வந்து சேர்ந்தான். அவன் மாமா மீன் ஏற்ற ஒரு குட்டி யானை, அதாவது சின்ன லாரி, வாங்கப்போகிறார், அதை ஓட்ட வேண்டும் என்பது திட்டம். அப்பாவோடு கடலுக்குப் போய்ப் பழகின பிள்ளை. தூரத்துப் பார்வை அப்படி ஒரு பார்வை. ரோட்டில் நாய் இறங்குமா இறங்காதா என்று நாய்க்கு முன்னால் இவனுக்குத் தெரியும். என்னிடம் வந்தவர்களிலேயே இவன்தான் கெட்டிக்காரன் என்று ஆபீசில் சொல்லி வைத்திருந்தேன்.

சட்டைப் பையில் போன் அடிக்காதவரை. அடித்துவிட்டால், வண்டி எங்கே, ரோடு எங்கே என்பதெல்லாம் கிடையாது. கை தானாகப் போய்விடும். சிதம்பரம் ரோட்டில் கரும்பு ஏற்றின டிராக்டர் ஒன்று எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த சமயம் போன் அடித்தது. இவன் எடுத்தான். டிராக்டர் வலது பக்கம் திரும்ப நின்றது. இவன் நிற்கவில்லை. நான் சீட்டைவிட்டு எழுந்தே பிரேக்கை மிதித்தேன். கரும்புத் தோகை முன் கண்ணாடியை உரசிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு முழம் போயிருந்தால் கரும்பு உள்ளே வந்திருக்கும். அவன் காதிலிருந்து போனை எடுக்காமல் பேசிக்கொண்டிருந்தான்.

"நல்லாத்தாம்மா இருக்கேன். ஒண்ணுமில்ல, வண்டி நின்னுருக்கு."

டிராயரில் அடித்த போன்

மறுநாள் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருந்த எங்கள் ஆபீசிலேயே போனைப் பிடுங்கி, டிராயரில் போட்டுவிட்டுத்தான் அவனைக் கிளப்பினேன். அவன் முகம் விழுந்துவிட்டது. வழியெல்லாம் வண்டியைச் சரியாகத்தான் ஓட்டினான், ஆனால் கை அடிக்கடி காலிச் சட்டைப் பையைத் தொட்டது. திரும்பி வந்தபோது ஆபீஸ் வாசலில் கூட்டம். நடுவில் ஓர் அம்மா, வலது கையில் மீன் விற்கிற காலி அன்னக்கூடை, புடவையெல்லாம் மீன் ஈரம். எங்கள் ஆபீஸ் சுமதி பாதி அழுகையில் நின்றுகொண்டிருந்தாள். போன் டிராயருக்குள் அடித்துக்கொண்டே இருந்ததாம். அடுத்தவர் போனை எப்படி எடுப்பது என்று இவள் விட்டுவிட்டாள். எடுக்கவில்லை என்றதும் அந்தம்மா, மாரியின் தாய், வியாபாரத்தைப் போட்டது போட்டபடி ஷேர் ஆட்டோ பிடித்து வந்துவிட்டார்.

மாரி இறங்கியதும் அவனைத் திட்டவில்லை. அவன் முகத்தை, தோளை, கையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு அப்படியே படியில் உட்கார்ந்து சொன்னார். சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மாரி கரையில் விளையாடிக்கொண்டிருந்தான். யாரோ இழுத்துக்கொண்டு ஓடி வேறோர் ஊர்க் கல்யாண மண்டபத்தில் சேர்த்திருக்கிறார்கள். அது தெரியாமல் இந்தம்மா சாயங்காலம்வரை ஆஸ்பத்திரியில் கிடத்தியிருந்த ஒவ்வொரு பிள்ளையின் முகத்தையும் துணி விலக்கிப் பார்த்திருக்கிறார். அந்த வீட்டில் போன் வாங்கினதே அதற்குப் பிறகு, இந்த ஒரு காரியத்துக்காகத்தான். கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"புள்ள மேல தப்பில்ல சார். அடிச்சி எடுக்கலன்னா எனக்கு அந்தக் காலையில நின்ன மாதிரி ஆயிடுது."

அன்னக்கூடை

இதற்கு என்ன செய்வது? எடுக்காதே என்றால் தாய் செத்துப் பிழைக்கிறாள், எடு என்றால் பிள்ளை ஒரு நாள் கரும்பு டிராக்டருக்குள் போய்விடுவான். யோசித்துப் பார்த்ததில் ஒன்று விளங்கியது. இவர் கூப்பிடுகிறபோது அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று இவர் பார்த்ததே இல்லை. குரல் கேட்டால் போதும் என்று இருக்கிறார். "நாளைக்கு நீங்களும் வண்டியில வாங்கம்மா" என்றேன்.

வந்தார், கூடையோடு. நாங்கள் எட்டுப் போட்டுப் பழகும் காலி மைதானத்துக்குப் போனோம். கூடையை வாங்கித் தூரத்தில் வைத்தேன். "ரோட்டுல ஒரு ஆள் குறுக்க வர்றான்னு வெச்சிக்குங்க. நீங்க பின்னால உக்காந்து எப்பவும் போல கூப்பிடுங்க" என்றேன். மாரியிடம், எப்பவும் போல எடு என்றேன். வண்டி நகர்ந்தது, போன் அடித்தது, கை பைக்குப் போனது. அன்றைக்கு மட்டும் நான் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டேன். அடியில் ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் கூடை அப்பளம்.

அந்தம்மா நசுங்கின கூடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கூடைக்காகச் சண்டை போடப்போகிறார் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். மாரி அழுகிற மாதிரி நின்றான். அப்புறம் அவரே பேசினார். அந்த ஞாயிற்றுக்கிழமை மாரியின் அப்பா ஆழ்கடலில் இருந்தாராம். அங்கே அலையே தெரியவில்லையாம். வலையோடு சாவகாசமாகத் திரும்பி வந்தவருக்குக் கரைக்கு வந்த பிறகுதான் விஷயமே தெரியும். என்னிடம் சொன்னார், ஆனால் மகனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்:

"போட்டு கடலுக்கு உள்ள போயிட்டா டவர் கெடைக்காது சார், அவுங்கப்பாவ நான் கூப்புடுறதே இல்ல. நீயும் வண்டியில ஏறுனா கடலுக்குப் போயிட்டன்னு நெனச்சிக்கிறேன்டா. கெளம்பறப்ப ஒரு மிஸ்டு கால் குடு, போய்ச் சேந்ததும் ஒண்ணு குடு. நடுவுல அணைச்சி வெச்சிடு."

அந்தப் பொண்ணு

மாரி லைசென்ஸ் வாங்கினான். மாமா குட்டி யானையும் வாங்கினார். இடது பக்கம் பிரேக் இல்லாத வண்டி. தினமும் விடிந்ததும் சிதம்பரம் மார்க்கெட்டுக்கு மீன் போகிறது என்று கேள்விப்பட்டேன். நான் என் காரில் அந்த ரோட்டில் போகும்போதெல்லாம் கரும்பு டிராக்டரைப் பார்த்தால் அவன் ஞாபகம் வரும். அணைத்து வைக்கிறானோ இல்லையோ என்று யாரிடம் போய்க் கேட்பது?

2012இல் ஒரு லீவு நாள் காலை. கடலூர் மீன் மார்க்கெட்டில் அந்தம்மாவைப் பார்த்தேன். புதுக் கூடையில் சங்கரா மீன், காதில் போன். ஒன்றும் பேசாமல், கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார். முகத்தில் சிரிப்பு. யாரோடு பேசுகிறார் என்று நின்றேன். என்னைப் பார்த்ததும் "மாஸ்டரு, நீங்களும் கேளுங்க" என்று போனை என் காதில் வைத்தார். நீங்கள் அழைக்கும் எண் அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று பதிவு செய்த பெண்குரல் சொல்லிக்கொண்டிருந்தது. மாரி ரோட்டில் இருந்தான். கண் ரோட்டிலும் கை ஸ்டியரிங்கிலும் இருந்தன. நாலு வருஷமாகத் தினமும் இப்படி ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் வியாபாரத்தைத் தொடங்குகிறாராம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தத் தாய்க்கு, அந்தப் பிள்ளைக்கு, நசுங்கின கூடைக்கு, எல்லாவற்றுக்கும் யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் நான் போனைத் திருப்பிக் கொடுத்தேன். அவருக்கு அந்தக் குழப்பம் இல்லை.

"இந்தப் பொண்ணு நல்லாருக்கணும் சார். எம்புள்ள நல்லா ஓட்டிக்கிட்டிருக்கான்னு தெனம் சொல்லுது."

ஊரே எரிச்சல்படும் 'அணைத்து வைக்கப்பட்டுள்ளது' என்ற வார்த்தையைக் கேட்டுக் கை எடுத்துக் கும்பிடுகிற தொழில் உலகத்தில் ஒன்று இருக்கிறதென்றால், அது எங்கள் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் தொழில்தான்.