ஞாயிற்றுக்கிழமைப் பலாக்காய்

சங்கதி கம்பெனி பஸ்ஸில் வந்தது. பின்சீட்டில் உட்கார்ந்திருந்த ஸ்டோர்ஸ் பிரிவு ஆளுக்கு அவருடைய மச்சினன் சொன்னானாம். மச்சினனுக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டால் தெரியாதாம். குஷாய்குடா ஈகிள்ஸ் கிரிக்கெட் அணி தட்டுத்தடுமாறியே செமி ஃபைனலுக்கு வந்ததற்குப் பனியன் முதுகில் இருக்கும் கடைப் பெயர்தான் காரணமாம். 'உஷா பன்ஸ்'. கறி வாசனையே இல்லாத ஒரு கடையைச் சுமந்துகொண்டு ஓடினால் காலில் வலு எங்கிருந்து வரும்? அடுத்த சீசன் பனியனுக்கு ஒரு கோழிக் கடையைப் பேசி முடித்துவிட்டார்களாம்.

சிவஞானம் டிபன் பையைக்கூடக் கீழே வைக்காமல் இதை மனைவியிடம் சொன்னார்.

"பேசி முடிச்சிட்டாங்கன்னு சொன்னாங்களா, பேசுதாங்கன்னு சொன்னாங்களா?" என்று கேட்டாள் உஷா.

"ரெண்டுக்கும் என்ன பெரிய வித்தியாசம்?"

"ரொம்ப இருக்கு. போய்க் கை கழுவுங்க."

சொல்லிவிட்டாளே தவிர, அன்று அடுப்பை அணைத்தோமா என்று மூன்று தடவை போய்ப் பார்த்தாள். உஷாவுக்குக் கவலை வந்தால் கை அடுப்புக் குமிழைத்தான் தேடும்.

திருநெல்வேலிச் சைவப் பிள்ளை வீட்டுப் பெண். கணவருக்குக் குஷாய்குடா எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை என்று இந்தத் தெலுங்கு ஊருக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. நான்கு வருடத்துக்கு முன் மெயின் ரோட்டில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து, பலாக்காயை வேகவைத்து உதிர்த்து, மசாலா சேர்த்துத் தட்டி, கட்லெட்டாகப் பொரித்துப் பன்னுக்குள் வைத்து விற்க ஆரம்பித்தாள். தமிழ்க்காரி இட்லிக் கடை போடாமல் பர்கர் கடை போடுகிறாளே என்று சிரித்தவர்களும் அவர்கள்தான், வந்து சாப்பிட்டவர்களும் அவர்கள்தான். தொழிற்சாலையின் தமிழ்க் குடும்பங்கள். ஆனால் அவர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றுக் கோயம்புத்தூருக்கும் சென்னைக்கும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். வழியனுப்பும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு டப்பா கட்லெட் கொடுப்பாள். திரும்பி வரும்போது, இனி யார் வருவார்கள் என்ற யோசனை கூடவே வரும்.

அந்த யோசனையில்தான் பனியன் ஏற்பாடு நடந்தது. ஆம்பூரிலிருந்து சாஃப்ட்வேர் வேலைக்கு வந்த இர்பான், ஈகிள்ஸின் கேப்டன், அணிக்கு யாராவது உதவுவார்களா என்று கடை கடையாக ஏறி இறங்கியபோது, பதினான்கு பனியனும் தான் தருவதாக உஷா சொன்னாள். முதுகில் கடையின் பெயர். ஆட்டம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானத்தின் வாசலில் ஒரு மேசை போட இடம்.

பெயர் பிய்த்துக்கொண்டு போனது. மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் ஹர்ஷா, ரசிகர் கூட்டத்தின் தலைவன், அதே பனியனைத் தன் செலவில் தைத்துப் போட்டுக்கொண்டான். பார்த்து இன்னும் நாற்பது பேர் தைத்துக்கொண்டார்கள். சிக்ஸர் விழுந்தால் தீன்மார் மேளத்தோடு "உஷா பன்ஸ், உஷா பன்ஸ்" என்று கத்தினார்கள். ஆட்டம் முடிந்ததும் உஷாவின் மேசையைத் தாண்டி, அவளுக்கு வணக்கம் வேறு வைத்துவிட்டு, எதிரே இருந்த பிரியாணிக் கடைக்குள் போய்விட்டார்கள்.

"பேரை முதுகுல சுமக்கான், வாயில மட்டும் வைக்க மாட்டேங்கான்" என்று கணவரிடம் புலம்பினாள். குற்றம் கையில்தான் என்று நினைத்து ஒரு வாரம் புதினாச் சட்னியை மாற்றினாள்; அடுத்த வாரம் காரத்தைக் கூட்டினாள். மிஞ்சியதை அணிக்காரர்கள் மரியாதைக்காகத் தின்றார்கள்.

பஸ் வதந்தி வந்த மறுநாள் செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் ஹர்ஷா அதே பனியனோடு கடைக்கு வந்து இரண்டு பர்கர் சாப்பிட்டுவிட்டு மூன்றாவது கேட்டான்.

"ஞாயித்துக்கிழமை என் மேசை உன் கண்ணுல படலையாப்பா?" என்று தெலுங்கில் கேட்டாள் உஷா.

அவன் விழித்தான். "ஆதிவாரம் மட்டன் ஆன்ட்டி. இன்னைக்கு மங்களவாரம், ஆஞ்சநேய சுவாமி நாள். சனிவாரம் வெங்கடேஸ்வர சுவாமி. ரெண்டு நாளும் எங்க வீட்ல யாரும் கறி தொட மாட்டோம். எங்க பசங்க பாதிப் பேரு அப்படித்தான். உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. அவள் வீட்டில் ஏழு நாளும் ஒரே சமையல். இந்த ஊர்க்காரர்களின் வாரத்தில் இரண்டு வகைக் கிழமை உண்டு என்பது இருபத்திரண்டு வருடத்தில் அவள் மண்டையில் ஏறவில்லை. விரதக்காரனும் ஆசை தீரக் கறி தின்னும் ஒரே நாளாகப் பார்த்துப் பலாக்காயை விரித்து வைத்திருக்கிறாள்.

உடனே இர்பானைப் போனில் கூப்பிட்டு ஹர்ஷா சொன்னதைச் சொன்னாள்.

"செமி ஃபைனலைச் சனிக்கிழமைக்கு மாத்து, தம்பி."

"நக்கோக்கா, வேண்டாம். கமிட்டிக்காரங்க என்னைத் திட்டுவாங்க. அதுவும் ஆம்பூர்க்காரன்கிட்ட வந்து பிரியாணிக்கு எதிரா சதி பண்றீங்களே."

"கோழிக் கடைக்குப் பேசி முடிச்சாச்சா?"

"முடிக்கலக்கா. பேசிட்டிருக்காங்க. சீசன் முடிஞ்சதும் கமிட்டி உக்காரும்."

"அப்ப ஒரே ஒரு ஆட்டம். சனிக்கிழமையும் என் மேசைக்கு யாரும் வரலைன்னா நானே பேரை எடுத்துடச் சொல்லுதேன். நீ பாவம் பாக்க வேண்டாம்."

எதிரணிக் கேப்டனுக்கு அந்த ஞாயிறு மாமனார் வீட்டில் விசேஷம் இருந்தது உஷாவின் அதிர்ஷ்டம். ஆட்டம் சனிக்கிழமைக்கு மாறியது.

அன்று ஈகிள்ஸ் ஆறு ரன்னில் தோற்றது. கடைசி விக்கெட் விழுந்ததும் மேளம் நின்றது. தோல்விக்கும் இந்தப் பெயர்தான் காரணம் என்பார்கள். மேசையை மடித்துவிடலாமா என்று உஷா சிவஞானத்தைப் பார்த்தாள். அதற்குள் மேளத்தை முதுகில் மாட்டிக்கொண்டு ஹர்ஷா முன்னால் வந்து நின்றான்.

"ரெண்டு ஆன்ட்டி."

"தோத்துட்டீங்களேப்பா."

"தோத்தா பசிக்காதா?"

அவனுக்குப் பின்னால் வரிசை நின்றது. எதிரணிக்காரர்களும் வந்தார்கள். அரை மணி நேரத்தில் பன் தீர்ந்தது. அப்புறம் வந்தவர்கள் வெறும் கட்லெட்டைக் காகிதத்தில் வாங்கித் தின்றார்கள். இர்பான் அதை வீடியோ எடுத்தான். கமிட்டிக்குக் காட்டுவானாம்.

கமிட்டி செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கு உட்கார்ந்தது. முடிந்ததும் கூப்பிடுவதாக இர்பான் சொல்லியிருந்தான். ஆறிலிருந்து உஷா அடுப்புக் குமிழைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது, அணைக்க முடியாது, ஏனென்றால் கடை வாசலில் ஒன்பது பேர் நின்றார்கள். அதில் ஐந்து பேர் முதுகில் அவள் பெயர்.

ஏழு மணிக்கு ஃபிரிட்ஜின் மேல் போன் அடித்தது.

"இர்பான்" என்றார் சிவஞானம், கண்ணாடியை இறக்கிப் பார்த்து. "நான் எடுக்கவா?"

"வேண்டாம். நானே எடுக்குதேன்."

இரண்டு கையிலும் பலாக்காயும் ரொட்டித்தூளும் அப்பியிருந்தன. எண்ணெயில் நான்கு கட்லெட் சிவந்துகொண்டிருந்தன. இப்போது திருப்பாவிட்டால் கருகிவிடும்.

"ஆன்ட்டி, எனக்குக் காரம் ஜாஸ்தியா" என்றான் வரிசையில் முதலில் நின்ற ஹர்ஷா.

"தெரியும்ப்பா, நில்லு" என்று சொல்லி, முதல் கட்லெட்டைத் திருப்பினாள். போன் அடித்துக்கொண்டிருந்தது.