எட்வர்டின் நீளமான வரவேற்புரை

டிவியில் லோகு அண்ணன் வந்தால் என் அப்பா சத்தத்தை முழுவதும் குறைத்துவிடுவார். ஆனால் சேனலை மாற்றமாட்டார். விவாதம் முடியும்வரை, அசையும் வாயையும் பெயருக்குக் கீழே வரும் ‘அரசியல் விமர்சகர்’ என்ற எழுத்தையும் பார்த்துக்கொண்டே இருப்பார்.

“கேக்க இஷ்டம் இல்லன்னா இன்னாத்துக்குய்யா பாக்குற?” என்பாள் என் அம்மா ரோசம்மாள்.

“சட்டையப் பாக்குறேன். நல்லா கீது.”

என் அப்பா எட்வர்ட், கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி செய்யும் ஆலையில் வேலை பார்க்கிறார். தாத்தா அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். அப்பா ஐடிஐ படித்து ஆலைக்குப் போனார். வேலைக்குப் போகும் ரயிலில் பேப்பரைச் சத்தமாகப் படித்தார். படித்ததற்கு விளக்கம் சொன்னார். அதைக் கேட்க ஆட்கள் பெட்டி மாறி வந்து உட்கார ஆரம்பித்தார்கள். பிறகு தொழிற்சங்கம் ஆலை வாசலில் நடத்தும் கேட் மீட்டிங், சர்ச் ஹால், பழவேற்காட்டில் மீனவர் கூட்டம் என்று அழைப்புகள் வந்தன. எங்கே போனாலும் ஒரே தலைப்புதான்: ‘இன்னும் இருபது வருடத்தில் இந்தியா.’

கூட்டத்தின் கண்ணெதிரே இருக்கும் ஒன்றை வைத்துத்தான் தொடங்குவார். “இந்த கேட்டப் பாருங்க. காலைல உள்ள போனவன்ல நெரந்தரம் எத்தினி பேரு, கான்ட்ராக்ட் எத்தினி பேரு? நாடு எங்க போவுதுன்னு டெல்லியக் கேக்காதீங்க. இந்த கேட்டக் கேளுங்க.” அங்கிருந்து வடக்கிலிருந்து வரும் தொழிலாளிகளுக்குப் போவார். அங்கே பிறக்கும் குழந்தைகள், இங்கே குறையும் குழந்தைகள், அதனால் பாராளுமன்றத்தில் மாறப்போகும் சீட் கணக்கு. கடைசியில், பென்ஷன் இல்லாத கிழவர்களின் நாடாகப் போகிறோம் என்று முடிப்பார். அப்போது ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள்.

அந்தப் பேச்சுகளைப் போனில் படம் பிடித்தவர்தான் லோகு அண்ணன். அதே ஆலையில் கான்ட்ராக்டில் இருந்தார். வேலை போன பிறகு சொந்தமாக ஒரு சேனல் தொடங்கினார். கல்லூரிகளில் கூப்பிட்டார்கள், டிவியில் கூப்பிட்டார்கள், வேப்பம்பட்டில் வீடு கட்டினார். ஒரு நாள் விவாதத்தில், “டெல்லியைக் கேட்காதீர்கள், கம்பெனி கேட்டைக் கேளுங்கள்” என்றார். அன்றுதான் அப்பா முதல்முறையாகச் சத்தத்தைக் குறைத்தார்.

லோகு அண்ணனைத் திருடன் என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் அவர் நன்றாகப் பேசுகிறார். அப்பா பேசினால் பயம் வரும். லோகு அண்ணன் பேசினால், சரி, இனி என்ன செய்யலாம் என்று தோன்றும். பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அந்த இரண்டாவதுதான் தேவையாக இருக்கிறது. இதை அப்பாவிடம் நான் சொன்னதில்லை.

சங்கத்தின் ஆண்டு விழா புதுவாயல் கூட்டுரோட்டில் நடக்கும். சிறப்புரை எப்போதும் அப்பாவுடையது. இந்த வருடம் சிறப்புரை லோகு, வரவேற்புரை எட்வர்ட் என்று நோட்டீஸ் போட்டுவிட்டார்கள். சங்கச் செயலாளர் அருணகிரியே அதை வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

“கோச்சிக்காத எட்வர்டு. டிவி மூஞ்சின்னா கூட்டம் சேரும்.”

“நான் இன்னாத்துக்குக் கோச்சிக்கிறேன்? நம்ம பையன். நல்லாவே வரவேற்கிறேன்.”

அவர் போனதும் அப்பா சிரித்த சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

விழா முதல் ஷிப்ட் விட்டதும் நடக்கும். கம்பெனி பஸ்கள் கூட்டுரோட்டில் நிற்கும். டிரைவர்கள் டீ குடித்து முடிக்கிறவரைக்கும் ஆட்கள் இறங்கி நின்று கேட்பார்கள். ஹாரன் அடித்தால் கூட்டம் கலைந்துவிடும். அதற்குமேல் யாராலும் நிறுத்த முடிந்ததில்லை.

“ஹாரன் அடிக்கிற வரிக்கும் வரவேற்கப் போறேன்,” என்றார் அப்பா. “அப்பால அவன் காலி ரோட்டுக்கு எதிர்காலம் சொல்லட்டும்.”

“வயசுக்கேத்த வேலையா இது?” என்றாள் அம்மா.

நானும் போயிருந்தேன். மேடையில் இருந்த எல்லோரையும் அப்பா பெயர் சொல்லி, பெருமை சொல்லி, துண்டு போட்டு வரவேற்றார். மைக் செட்காரரை வரவேற்றார். டீக்கடைக்காரரை வரவேற்றார். ஓரமாக நின்ற டிராபிக் போலீஸையும் வரவேற்றார். கூட்டம் சிரித்தது. வரவேற்க ஆட்கள் தீர்ந்துபோனார்கள். டிரைவர்கள் கையில் இன்னும் டீ இருந்தது. பாக்கி லோகு அண்ணன் மட்டும்தான்.

வரவேற்புரையில் ஒருவரைக் குறை சொல்ல முடியாது. புகழத்தான் வேண்டும். நேரத்தை இழுக்க அப்பாவிடம் வேறு சரக்கு இல்லை.

“டிவில வர்ற லோகுவத்தான் உங்களுக்குத் தெரியும். மில்லுல இருந்த லோகுவ எனக்குத் தெரியும். சூட்டுக் கம்பி தெறிச்சி ஒரு ஒடிசாப் பையன் கால்ல பட்டுச்சி. அவன் நம்ம ஆளே இல்லன்னுட்டான் கான்ட்ராக்டர். லோகுதான் அவனத் தோள்ல போட்டுக்கினு ஆஸ்பத்திரிக்குப் போனான். திரும்பி வந்தா இவனுக்கு கேட் பாஸ் இல்ல. வேல போச்சு. இத என்னிக்காவது டிவில சொல்லிக்கினானா?”

கூட்டம் அமைதியானது. கூட்டம் அமைதியாகிவிட்டால் அப்பாவால் பேச்சைக் கெடுக்க முடியாது. அது அவருக்கு வராது. குரலைத் தாழ்த்தி, நிறுத்தி, அந்தப் பையனின் அம்மா ஒடிசாவிலிருந்து போனில் அழுததைச் சொன்னார். பாஷை புரியாமல் லோகு அண்ணனும் சேர்ந்து அழுததைச் சொன்னார்.

ஹாரன் அடித்தது. யாரும் நகரவில்லை.

“அடங்குய்யா! கேக்க உடு!” என்று யாரோ டிரைவரைப் பார்த்துக் கத்தினார்கள். இன்ஜினை நிறுத்திவிட்டு டிரைவரும் இறங்கி வந்தார்.

ஹாரனை நம்பி ஏமாந்த அப்பாவின் முகத்தை நான் பார்த்தேன். அந்த முகத்தோடுதான் துண்டைப் போட்டார். லோகு அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கைப் பிடித்தார். “டெல்லியைக் கேட்காதீர்கள்” என்று ஆரம்பித்ததுமே கைதட்டல். மேடையில் உட்கார்ந்திருந்ததால் அப்பாவும் தட்டினார். கடைசிவரை ஒருவரும் போகவில்லை.

இறங்கியதும் அருணகிரி அப்பாவைக் கட்டிப்பிடித்தார். “இன்னா வரவேற்புய்யா! இனிமே வரவேற்புரைன்னா நீதான். அடுத்த வருசமும் உனுக்குத்தான், சொல்ட்டேன்.”

வீட்டில் அம்மா விடவில்லை. “நாடு இருவது வருசத்துல எங்க நிக்கும்னு சொல்ற. உன் வாயி அஞ்சு நிமிசத்துல எங்க நிக்கும்னு தெரில உனுக்கு.”

அப்பா டிவியைப் போட்டார். லோகு அண்ணன் புதுச் சட்டையில் இருந்தார். அன்றைக்கு அப்பா சத்தத்தைக் குறைக்கவில்லை, கூட்டினார். தன் பெயரை எங்காவது சொல்கிறாரா என்று விளம்பரத்துக்குக்கூட எழுந்திருக்காமல் கேட்டார். விவாதம் முடிந்தது.

“வரவேற்புரைய எல்லாம் டிவில சொல்லமாட்டாங்க, நைனா,” என்றேன்.

“தெரியும்.” ரிமோட்டைக் கீழே வைத்தார். “சட்ட எந்தக் கடைல எடுத்தான்னு கேட்டு வையி, சோனியா.”